ஒரே ஸ்கூல் இருக்குற டவுன்ல வீடு வாங்கலாமா?

தம்பி, மத்தவங்களும் படிப்பாங்கங்கிறதால உங்க கேள்விய முதல்ல நான் புரிஞ்சுக்கிட்டபடி சொல்லிடறேன். இப்போ எடிசன்ல அபார்ட்மெண்ட்ல இருக்கீங்க, பொண்ணு ரெண்டாவது படிக்கிறா, பையனுக்கு நாலு வயசு, பேச்சு கொஞ்சம் லேட்டுன்னு ஸ்பீச் தெரபி போயிட்டிருக்கு. நியூ ஜெர்சிலயே இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி ஒரு சின்ன டவுன்ல வீடு பிடிச்சுப் போச்சு. அந்த ஊருக்குன்னு தனி ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அதாவது ஸ்கூல நடத்துற தனி நிர்வாகம், ஆனா கிண்டர்கார்டன்ல இருந்து எட்டாவது வரைக்கும் மொத்தமே ஒரே ஸ்கூல், 350 பசங்க, ஒன்பதாவதுல இருந்து பக்கத்து ஊர் ஹைஸ்கூல். ரியல்டர் "பிரைவேட் ஸ்கூல் மாதிரி இருக்கும்"னு சொல்றார், உங்க வீட்ல அவங்களுக்கு மனசு ஒப்பல. "நல்லதெல்லாம் ரியல்டர் சொல்லிட்டார்ணா, குறைய மட்டும் நீங்க சொல்லுங்க"ன்னு கேட்டிருக்கீங்க.

நான் பேசறதுக்கு என்ன தகுதின்னா, இதே மாதிரி ஒரு டிஸ்ட்ரிக்ட்ல பத்தொன்பது வருஷமா இருக்கேன், ரெண்டு பிள்ளைகளும் அங்கதான் படிச்சாங்க, நடுவுல ரெண்டு டெர்ம், ஒவ்வொண்ணும் மூணு வருஷம், டிஸ்ட்ரிக்ட்ட நடத்துறதுக்கு ஊர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கற ஸ்கூல் போர்டுல மெம்பராவும் இருந்தேன். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. ஊர் பேர் வேணாம், அங்க இன்னும் நான் காய்கறி வாங்கப் போகணும்.

முதல்ல இந்த "சின்ன டிஸ்ட்ரிக்ட்" விஷயமே ஏன் நியூ ஜெர்சில இவ்ளோ இருக்குன்னு தெரிஞ்சுக்கணும். ஃப்ளோரிடால ஒரு கவுண்டிக்கு ஒண்ணுன்னு மொத்தம் 67 டிஸ்ட்ரிக்ட், மேரிலாண்ட்ல 24, ஹவாயில மாநிலத்துக்கே ஒண்ணு. நம்ம நியூ ஜெர்சில 21 கவுண்டிதான், ஆனா 564 முனிசிபாலிட்டி, கிட்டத்தட்ட 600 ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். 2009 வரைக்கும் ஸ்கூலே இல்லாத டிஸ்ட்ரிக்ட்டெல்லாம் இருந்துச்சு, பேருக்கு டிஸ்ட்ரிக்ட், பிள்ளைங்க எல்லாம் வேற ஊருக்கு, அப்புறம்தான் ஒரு சட்டம் போட்டு அதுகள பக்கத்து டிஸ்ட்ரிக்ட்டோட சேர்த்தாங்க. அமெரிக்கா முழுக்க எடுத்துக்கிட்டா 1940 வாக்குல 1,17,000 டிஸ்ட்ரிக்ட் இருந்துச்சு, இப்போ 13,000 சுமார்தான், நாடே சேர்ந்துக்கிட்டு வந்தப்போ நம்ம மாநிலம் மட்டும் "என் ஊர், என் ஸ்கூல், என் வரி"ன்னு பிடிச்ச பிடிய விடல. அதனால மேரிலாண்ட்லயோ சார்லட்லயோ இருக்குற உங்க ஃப்ரெண்டு "டிஸ்ட்ரிக்ட்டப் பத்தி ஏன் இவ்ளோ யோசிக்கிற"ன்னு கேட்டா அவருக்கு இது புரியவே புரியாது, விட்டுடுங்க.

சின்ன டிஸ்ட்ரிக்ட்ன்னாலே எல்லாரும் முதல்ல சொல்ற குறை ஏபி கோர்ஸ் (ஹைஸ்கூல்லயே எடுக்குற காலேஜ் தரப் பாடம்) கம்மி, ஆர்க்கெஸ்ட்ரா கிடையாது, சைன்ஸ் ஒலிம்பியாட் டீம் கிடையாது. இது உண்மைதான், ஆனா எட்டாவது வரைக்கும் இருக்குற ஸ்கூல்ல ஏபி ஏது, மத்தத நம்ம ஆளுங்க எப்படியும் வார இறுதில வெளிய கொண்டு போய் விட்டுடறோம். அதனால அத நான் பெருசா எடுத்துக்க மாட்டேன். உண்மையான குறை வேற, அது வீடு பார்க்கப் போறப்போ கண்ணுக்குத் தெரியாது: அங்க எதுக்குமே மாற்று இல்ல. ஒத்த மாட்ட வச்சு உழுற குடும்பம் மாதிரி, மாடு நல்லா இருக்குற வரைக்கும் வயலும் நல்லாத்தான் இருக்கும், பார்க்கறவங்களுக்குப் பக்கத்து வயலுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாது.

கணக்கு டீச்சர எடுத்துக்கங்க. 350 பசங்கன்னா ஒரு கிரேடுக்கு 38, 40 பேர், ரெண்டு செக்ஷன். ஆறு, ஏழு, எட்டு மூணு கிரேடுக்கும் சேர்த்து கணக்கு டீச்சர் ரெண்டு பேர், சில ஊர்ல ஒண்ணரை பேர், அந்த அரை ஆள் மீதி நேரம் சைன்ஸ் எடுப்பார். அவங்க அருமையான டீச்சரா இருந்தா உங்க பொண்ணுக்கு மூணு வருஷம் யோகம். சுமாரா இருந்தா அதே மூணு வருஷம் அதே ஆள்தான், "அடுத்த வருஷம் வேற டீச்சர் வருவாங்க"ன்னு பெரிய ஸ்கூல்ல பல்லைக் கடிச்சுக்கிட்டு இருப்போமே அந்த வழி இங்க இல்ல. நாலு வருஷமும் ஒரு நாளும் தாண்டிட்டா டென்யூர், அதாவது வேலை நிரந்தரம், வந்துடும், அதுக்கப்புறம் லேசுல மாத்த முடியாது. எங்க ஊர்ல நல்ல கணக்கு டீச்சர் ஒருத்தங்க இருந்தாங்க, அக்டோபர்ல பிரசவ லீவ்ல போனாங்க, பதிலுக்கு ஆள் கிடைக்கல, பிப்ரவரி வரைக்கும் மாத்தி மாத்தி சப்ஸ்டிட்யூட், அந்த வருஷம் ஏழாவது படிச்ச மொத்த ஊருக்கே பின்னம் சதவீதம் எல்லாம் ஆட்டம். பெரிய டிஸ்ட்ரிக்ட்லயும் டீச்சர் லீவ் போவாங்க, ஆனா பாதிப்பு ஒரு ஸ்கூல்ல நாலு செக்ஷனோட நிக்கும்.

வேகமா படிக்கிற பிள்ளைக்கும் இதே கதைதான். எடிசன்லயோ வெஸ்ட் விண்ட்சர் பிளெய்ன்ஸ்பரோலயோ ஏழாவதுல அல்ஜீப்ரா எடுக்குற பசங்கள வச்சு கிளாஸையே நிரப்பலாம். இங்க கிரேடுக்கு மூணு பேர்தான் அதுக்கு ரெடியா இருப்பாங்க, மூணு பேருக்காக ஒரு டீச்சர போர்டு எப்படிப் போடும்? லைப்ரரில உக்கார வச்சு லேப்டாப்ல ஆன்லைன் கோர்ஸ் ஓட விடுவாங்க. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. தானா படிக்கிற பிள்ளைன்னா சமாளிச்சுக்கும், மத்த பிள்ளை ரெண்டே மாசத்துல யூடியூப் பக்கம் போயிடும், என் சின்னவன் போனான்.

அடுத்து காசு. இதுலதான் கொஞ்சம் நேரம் நிக்கப் போறேன், ஏன்னா உங்க பையன் விஷயமும் இதுக்குள்ளதான் வருது.

நியூ ஜெர்சில ஸ்கூலுக்கான ப்ராப்பர்ட்டி டாக்ஸ் வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு 2010ல சட்டம் வந்துச்சு. ஹெல்த் இன்ஷூரன்ஸ், பென்ஷன் மாதிரி சிலதுக்கு விலக்கு இருக்கு, அதையும் தாண்டி வேணும்னா ஓட்டுக்கு விடணும். எலெக்ஷன நவம்பருக்கு மாத்திக்கிட்ட டிஸ்ட்ரிக்ட்ல 2 சதவீதத்துக்குள்ள இருக்குற பட்ஜெட்டுக்கு ஜனங்க ஓட்டே போட வேண்டியதில்ல. சரி, உதாரணத்துக்கு உங்க டவுன் வருஷம் 7 மில்லியன் டாலர் ஸ்கூல் வரி வசூல் பண்ணுதுன்னு வைங்க. 2 சதவீதம்னா 1,40,000 டாலர். அடுத்த வருஷம் டீச்சர்ங்க சம்பள உயர்வு, பஸ் கான்ட்ராக்ட், ஹீட்டிங் எல்லாம் இதுக்குள்ள அடங்கணும். இப்போ ஆகஸ்ட் மாசம் ஒரு குடும்பம் குடி வருது, அவங்க பிள்ளைக்குத் தனிப்பட்ட கவனிப்பு தேவைப்படற அளவுக்கு ஆட்டிசம், அந்தப் பிள்ளைக்கு ஏத்த கிளாஸ் இந்த ஸ்கூல்ல இல்ல, வெளிய ஸ்பெஷல் ஸ்கூலுக்கு அனுப்பணும். அதோட ஃபீஸ், கூடவே இருந்து பார்த்துக்கற உதவி ஆள் (எய்ட்), தனி வேன் எல்லாம் சேர்த்தா அந்த 1,40,000ல பாதிக்கு மேல ஒரே பிள்ளைக்குப் போயிடும். ரெண்டு பிள்ளைன்னா முழுசும் முடிஞ்சுது. மாநிலம் ஒரு அளவுக்கு மேல போன செலவுல ஒரு பகுதிய திருப்பித் தரும், ஆனா அது பின்னாடிதான் வரும், முன்னாடி நாமதான் கட்டணும். சேமிப்புல இருந்து எடுக்கலாம்னா அதுக்கும் கட்டுப்பாடு, பட்ஜெட்ல 2 சதவீதம் இல்ல 2,50,000 டாலர், இதுல எது அதிகமோ அவ்ளோதான் பொது கையிருப்பா வச்சுக்க விடுவாங்க.

இதே குடும்பம் எடிசனுக்குக் குடி வந்திருந்தா? 16,000 பசங்க இருக்குற டிஸ்ட்ரிக்ட், யாருக்கும் தெரியவே தெரியாது. மொதல்ல வெளிய அனுப்ப வேண்டியே இருக்காது, அந்த மாதிரி பிள்ளைங்களுக்கான கிளாஸ் உள்ளயே இருக்கும்.

இந்த இடத்துல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன், இதுல அந்தப் பிள்ளையோட தப்பு எதுவுமே இல்ல. 1975ல வந்த ஃபெடரல் சட்டம், மூணு வயசுல இருந்து 21 வயசு வரைக்கும் அந்தப் பிள்ளைக்குத் தேவையான படிப்ப இலவசமா கொடுத்தே ஆகணும், காசு இல்லன்னு கைய விரிக்க முடியாது. சட்டம் சரி. அதோட சுமைய 350 பசங்க இருக்குற ஊர் தலையிலயும் 16,000 பசங்க இருக்குற ஊர் தலையிலயும் ஒரே மாதிரி வச்சதுதான் கோளாறு.

அதோட விளைவு என்னன்னா, என்னால மறக்க முடியாத ஒரு ராத்திரி. பட்ஜெட் கூட்டம், கேஃபிடேரியால, முப்பது பேர் இருப்பாங்க. ஒரு பெரியவர் எழுந்து மைக்கப் பிடிச்சு, "போன வருஷத்தவிட வெளி ஸ்கூல் ஃபீஸ் லைன் 80,000 டாலர் ஏறியிருக்கே, ஏன்?"னு கேட்டார். நியாயமான கேள்வி, வரி கட்டறவர் கேட்கலாம். டிஸ்ட்ரிக்ட்டோட தலைமை அதிகாரியான சூப்பரின்டெண்டென்ட் "மாணவர் தகவல் ரகசியம், விளக்க முடியாது"ன்னார், அதுவும் சரி. ஆனா அந்த ஹால்ல இருந்த எல்லாருக்கும் தெரியும், அந்த வருஷம் புதுசா ஒரு சின்ன வேன் எந்தத் தெருவுல எந்த வீட்டு வாசல்ல நிக்குதுன்னு. அந்தப் பிள்ளையோட அம்மா மூணாவது வரிசைல உக்காந்திருந்தாங்க. அவங்க அதுக்கப்புறம் எந்தக் கூட்டத்துக்கும் வரல. பெரிய டிஸ்ட்ரிக்ட்ல அந்த லைன் ஒரு நம்பர், அவ்ளோதான். சின்ன ஊர்ல அந்த நம்பருக்கு முகம் இருக்கு.

இப்போ உங்க பையனுக்கு வர்றேன். ஸ்பீச் மட்டும்தான் பிரச்சனைன்னா பயப்படாதீங்க, எந்த டிஸ்ட்ரிக்ட்லயும் ஸ்பீச் தெரபிஸ்ட் உண்டு. ஆனா சின்ன டிஸ்ட்ரிக்ட்ல அவங்க முழுநேரம் இருக்க மாட்டாங்க, வாரத்துல ரெண்டு நாளோ மூணு நாளோ, மீதி நாள் வேற ஊர். ஒரு திங்கட்கிழமை பனி கொட்டி லீவ் விட்டா அந்த வார தெரபில பாதி போச்சு, ஈடு பண்ணச் சொல்லி நீங்கதான் மெயில் போடணும். ப்ரீஸ்கூல் வயசுல ஸ்பெஷல் எஜுகேஷன் கிளாஸ் அந்த ஸ்கூல்லயே இருக்கா, இல்ல பக்கத்து ஊருக்கு அனுப்பறாங்களான்னு கேளுங்க. நாலு வயசுப் பிள்ளை தினமும் நாப்பது நிமிஷம் வேன்ல போறது நீங்க வீடு பார்க்கறப்போ யோசிச்ச விஷயமா இருக்காது. இப்போ எடிசன்ல ஐஈபி, அதாவது ஸ்பெஷல் எஜுகேஷன் பிள்ளைக்குன்னு எழுதித் தர்ற தனித் திட்டம், இருந்தா, மாநிலத்துக்குள்ள எங்க மாறினாலும் புது டிஸ்ட்ரிக்ட் உடனே அதுக்குச் சமமான சேவைய ஆரம்பிச்சாகணும், அதனால பேப்பர் எல்லாத்தையும் காப்பி எடுத்து வச்சுக்கங்க.

பின்னாடி வேற எதாவது தேவை வந்துச்சுன்னாதான் சிக்கல். பெரிய டிஸ்ட்ரிக்ட்ல சாதாரண கிளாஸ், ரெண்டு டீச்சர் சேர்ந்து எடுக்குற கிளாஸ், கொஞ்ச நேரம் தனி ரூம், முழுநேரத் தனி கிளாஸ், அப்புறம்தான் வெளி ஸ்கூல்னு படிப்படியா இருக்கும். சின்ன டிஸ்ட்ரிக்ட்ல வச்சா குடுமி, அடிச்சா மொட்டை. ஒண்ணு ஒரு எய்ட் போட்டு சாதாரண கிளாஸ், இல்ல ஊரைத் தாண்டி வேற ஸ்கூல். நடுவுல இருக்குற படிதான் பாதி பிள்ளைங்களுக்குத் தேவைப்படும், அதுதான் இருக்காது. ஆனா ஒண்ணு, ஒரு பிள்ளை திணறுதுன்னா சின்ன ஸ்கூல்ல சீக்கிரம் கண்டுபிடிச்சுடுவாங்க, பின் வரிசைல உக்காந்து மறைஞ்சு போக இடமே கிடையாது. என் பெரியவளுக்குக் கண்ணாடி வேணும்னு எங்களுக்கு முன்னாடி சொன்னது கேஃபிடேரியா அம்மாதான்.

மாநில உதவித்தொகைக் கதையையும் சொல்லணும். 2008ல வந்த ஃபார்முலாவ 2018ல திருத்தினாங்க, எஸ்-2ன்னு சொல்லுவாங்க, பசங்க எண்ணிக்கை குறைஞ்சும் பழைய கணக்குல அதிகமா வாங்கிட்டிருந்த டிஸ்ட்ரிக்ட்டுக்கெல்லாம் ஏழு வருஷத்துல படிப்படியா வெட்டு. வெட்டு சின்ன ஊருக்கு மட்டும் விழல, டாம்ஸ் ரிவர், ஜெர்சி சிட்டி மாதிரி பெருசுங்களும் நிறைய இழந்துச்சு. ஆனா பெரிய டிஸ்ட்ரிக்ட் பத்து இடத்துல கொஞ்சம் கொஞ்சமா சுரண்டிக்கலாம். சின்ன டிஸ்ட்ரிக்ட்ல ஏற்கெனவே ஒரு சூப்பரின்டெண்டென்ட், ஒரு நர்ஸ், பசங்களுக்கு ஆலோசனை சொல்ற ஒரு கவுன்சிலர், ஒரு மியூசிக் டீச்சர். இதுல எத வெட்டினாலும் குறையறதில்ல, அந்த விஷயமே இல்லாமப் போகுது. எங்க ஊர்ல ஒரு வருஷம் ஸ்பானிஷ் டீச்சர பக்கத்து டிஸ்ட்ரிக்ட்டோட பங்கு போட்டுக்கிட்டோம், வாரத்துக்கு மூணு நாள் எங்களுக்கு ரெண்டு நாள் அவங்களுக்கு, பாவம் அந்தம்மா கார்லயே சாப்பிட்டாங்க.

இதுக்கு நேர் எதிர் பிரச்சனையும் வரும். உங்க டவுன்ல ஒரு பெரிய அபார்ட்மெண்ட் காம்ப்ளெக்ஸ் வருதான்னு பாருங்க. 1975 மவுண்ட் லாரல் தீர்ப்புல இருந்து நியூ ஜெர்சில ஒவ்வொரு முனிசிபாலிட்டியும் குறைந்த வருமானக்காரங்களுக்கு வீடு கட்ட இடம் கொடுத்தாகணும், 2025ல இருந்து நாலாவது ரவுண்டு ஓடிட்டிருக்கு. அந்த வீடுங்க வேணும், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல, ஒரு காலத்துல நாமளும் வாடகைக்கு அலைஞ்சவங்கதான். ஆனா 16,000 பேர் இருக்குற இடத்துல எண்பது பிள்ளை கூடினா ஒண்ணும் தெரியாது, 350 பேர் இருக்குற ஸ்கூல்ல கூடினா ட்ரெய்லர் கிளாஸ்ரூம் போட வேண்டி வரும். கிரேடுக்கு 40 பேர்ன்னு கணக்கு போட்டுட்டு நீங்க போறீங்க, அது 24ஆ குறைஞ்சாலும் தலைவலி, ஒரே செக்ஷனா வச்சா 24 பேர், ரெண்டா பிரிச்சா 12, போர்டு எத எடுக்கும்னு நினைக்கறீங்க? கிளாஸுக்கு 20 பேர்ங்கிற கணக்கு அந்த வருஷத்தோட சரி.

பெண் பிள்ளைக்கு நான் அதிகம் யோசிக்கச் சொல்றது வேற ஒண்ணு. அதே 38 பேர், அஞ்சு வயசுல இருந்து பதினாலு வயசு வரைக்கும். நல்ல செட் அமைஞ்சா அண்ணன் தங்கச்சி மாதிரி வளருவாங்க, இப்பவும் என் பொண்ணோட நெருங்கின ஃப்ரெண்ட்ஸ் அதுலதான் இருக்காங்க. ஆனா அஞ்சாவதுல நாலு பொண்ணுங்க சேர்ந்து ஒருத்திய ஒதுக்கினா, ஒதுக்கப்பட்டவளுக்குப் போக வேற கூட்டம் இல்ல. இன்னொரு செக்ஷனுக்கு மாத்தினாலும் லஞ்ச் ஒண்ணுதான், பஸ் ஒண்ணுதான், அந்த நாலு பேரோட அம்மாக்கள்ல ஒருத்தங்க பெற்றோர்-டீச்சர் சங்கத்துக்கு (பிடிஓ) பிரெசிடென்ட், இன்னொருத்தங்க ஸ்கூல் ஆபீஸ்ல வேலை. நியூ ஜெர்சில புல்லியிங்குக்குக் கடுமையான சட்டம் 2011லயே வந்துடுச்சு, புகார் வந்த ஒரு ஸ்கூல் நாள்ல விசாரணை ஆரம்பிக்கணும், பத்து ஸ்கூல் நாள்ல முடிக்கணும். விசாரிக்கிறவங்க ஸ்கூல்லயே நியமிச்ச ஒரு ஸ்பெஷலிஸ்ட், அவங்ககிட்ட இருந்து பிரின்சிபல், சூப்பரின்டெண்டென்ட், போர்டுன்னு மேல போகும். சின்ன ஊர்ல அந்த ஸ்பெஷலிஸ்ட் யாரு? உங்க பொண்ணோட கவுன்சிலரேதான். பல இடத்துல சூப்பரின்டெண்டென்டே பிரின்சிபலாவும் இருப்பார், ரெண்டு படி ஒரே ஆள்ல முடிஞ்சுடும். போர்டுல உக்காந்திருக்கற ஏழு பேர்ல ரெண்டு பேர் பிள்ளைங்க அதே கிளாஸ்ல. நான் போர்டுல இருந்தப்போ இப்படி ஒரு கேஸ்ல நான் விலகி நின்னேன், விலகி நின்னதுக்கே அந்த வீட்டோட பேச்சு வார்த்தை போச்சு. சட்டப்படி எல்லாம் சரியாத்தான் நடந்துச்சு, ஆனா முகம் தெரியாத ஒரு ஆள் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு அன்னைக்கு தோணுச்சு.

அப்புறம் நம்ம பிள்ளைங்கங்கிற கோணம். 38 பேர்ல இந்தியப் பிள்ளை ரெண்டோ மூணோ. என் பிள்ளைங்களுக்கு அது பெரிய விஷயமா இல்ல, ஆனா எடிசன்ல வளர்ந்த பிள்ளைக்கு லஞ்ச் டப்பால தயிர்சாதம் எடுத்துட்டுப் போறப்போ யாரும் திரும்பிப் பார்க்காம இருந்த பழக்கம் மாறும். இன்னொண்ணு, ஹைஸ்கூல் முடிக்கிறப்போ வாங்குற மாநில இருமொழி முத்திரை, தமிழுக்கும் வாங்கலாம், வார இறுதித் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைங்க நிறைய பேர் குறி வைக்கிறாங்க. அது டிஸ்ட்ரிக்ட் விருப்பப்பட்டு சேர்ந்தாதான் உண்டு, டெஸ்ட் ஏற்பாடு பண்ண ஒரு ஆள் வேணும். இது ஹைஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டப் பொறுத்தது, அங்க கேளுங்க.

ஹைஸ்கூல்னு சொன்னதும்தான், இதத்தான் வீடு வாங்கறவங்க கோட்டை விடறாங்க. உங்க டவுன் பிள்ளைங்க பக்கத்து ஊர் ஹைஸ்கூலுக்குப் போறது ஒரு ஒப்பந்தம், உங்க டிஸ்ட்ரிக்ட் தலைக்கு இவ்ளோன்னு அந்த டிஸ்ட்ரிக்ட்டுக்கு ஃபீஸ் கட்டுது. க்ரான்பரி இதுக்கு நல்ல உதாரணம், ஒரே ஸ்கூல், எட்டாவது வரைக்கும், அப்புறம் ப்ரின்ஸ்டன் ஹைஸ்கூல். அந்த ஹைஸ்கூலுக்காகவே அங்க வீடு வாங்கறவங்க உண்டு. ஆனா அதுக்கு முன்னாடி லாரன்ஸ் ஹைஸ்கூலுக்குத்தான் போயிட்டிருந்தாங்க, அப்புறம் மாறினது. 2018ல ப்ரின்ஸ்டன் ஸ்கூல்ல இடநெருக்கடி வந்தப்போ "நம்ம பிள்ளைங்களுக்கே இடமில்ல, க்ரான்பரி பிள்ளைங்க எதுக்கு?"ன்னு பெரிய சண்டையே நடந்துச்சு, கடைசில புதுப்பிச்சாங்க. நல்லபடியா முடிஞ்சுது, ஆனா உங்க பிள்ளை போற ஸ்கூலப் பத்தி வேற ஊர்க்காரங்க ஓட்டுப் போட்டு முடிவு பண்றாங்கங்கிறத கவனிங்க. அனுப்பற ஊர்ப் பிள்ளைங்க அந்த ஹைஸ்கூல்ல 10 சதவீதமாவது இருந்தாதான் அந்த போர்டுல உங்களுக்கு ஒரு இடம், அந்த ஒரு ஆளும் எல்லாத்துக்கும் ஓட்டுப் போட முடியாது. அதுக்கும் கீழ இருந்தா வாயே திறக்க முடியாது, காச மட்டும் கட்டணும்.

பிடிக்கலன்னா விலகிடலாம்னும் நினைக்காதீங்க. எங்கில்வுட் க்ளிஃப்ஸ் அதோட ஹைஸ்கூல் பிள்ளைங்கள எங்கில்வுட்டுக்கு அனுப்பறத நிறுத்தணும்னு வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு அலைஞ்சுது, விடல, விட்டா அங்க இனவாரியான கலப்பு கெட்டுடும்னு. நார்த் ஹெய்ல்டன் ஊருக்கும் 2004ல மாநில சுப்ரீம் கோர்ட் அதே மாதிரிதான் சொல்லுச்சு. எனக்குக் கேட்டா கோர்ட் சொன்னது சரி. ஆனா வீடு வாங்கறவர் "பின்னாடி ஹைஸ்கூல மாத்திடுவாங்களாம்"னு யாரோ சொன்னத நம்பி வாங்கக் கூடாது.

சரி, அந்த எட்டாவது வரைக்கும் இருக்குற ஸ்கூலாவது நிலைச்சு நிக்குமா? அதுவும் கேரண்டி இல்ல. லாம்பர்ட்வில், வெஸ்ட் ஆம்வெல், ஸ்டாக்டன் மூணு ஊரும் 2013ல ஓட்டுப் போட்டு சவுத் ஹண்டர்டன் ரீஜினல்னு ஒண்ணா சேர்ந்துச்சு, ஸ்டாக்டன்ல இருந்த குட்டி ஸ்கூல் மாநிலத்துலயே ரொம்பப் பழைய ஸ்கூல்கள்ல ஒண்ணு, 2018ல மூடிட்டாங்க. ஹைலாண்ட்ஸும் அட்லாண்டிக் ஹைலாண்ட்ஸும் 2023ல ஓட்டுப் போட்டு 2024ல சேர்ந்தாச்சு. 2022ல வந்த சட்டம் இப்படிச் சேர நினைக்கிற ஊர்களுக்கு ஆய்வுச் செலவுக்குக் காசே தருது. இவ்ளோ குறை இருந்தும் ஏன் எல்லாரும் சேர மாட்டேங்கறாங்கன்னா, சேர்ந்தா வரிய எப்படிப் பிரிக்கிறதுங்கிற இடத்துலதான் முட்டும். பிள்ளைங்க எண்ணிக்கை வச்சுப் பிரிச்சா ஒரு ஊருக்கு லாபம், வீட்டு மதிப்ப வச்சுப் பிரிச்சா இன்னொரு ஊருக்கு லாபம், பாகப்பிரிவினைதான், ஒரு கிணத்த ரெண்டு பங்காளி பிரிக்கிற மாதிரி.

ஸ்கூல் ரேட்டிங் பத்திக் கேட்டிருந்தீங்க, வெப்சைட்ல பத்துக்கு 9ன்னு இருக்குன்னு. 38 பேர் இருக்குற கிரேடுல ஒரு பிள்ளை பாஸானா இல்லையாங்கிறதுல 2.6 சதவீதம் ஆடும். நாலு பிள்ளை வேற ஊருக்குப் போனா ரேட்டிங் ரெண்டு புள்ளி இறங்கலாம், அதுல ஸ்கூல் கெட்டுப் போச்சுன்னு அர்த்தமில்ல, 9ன்னு இருக்கறதாலயே நல்ல ஸ்கூல்னும் அர்த்தமில்ல. மாநில ரிப்போர்ட்ல பத்துப் பேருக்குக் கம்மியா இருக்குற குழுவோட நம்பரக் காட்டவே மாட்டாங்க. ஆசியப் பிள்ளைங்க எப்படிப் படிக்கறாங்க, ஐஈபி பிள்ளைங்க எப்படிப் படிக்கறாங்கன்னு நீங்க தேடுறப்போ அந்தக் கட்டம் காலியாத்தான் இருக்கும்.

இவ்ளோ சொல்லிட்டு நான் ஏன் இன்னும் அங்கயே இருக்கேன்னு கேட்பீங்க. என் பொண்ணு வாய் திறக்காத பிள்ளை, எடிசன் மாதிரி இடத்துல போட்டிருந்தா நல்ல மார்க்கோட யாருக்கும் தெரியாம வெளிய வந்திருப்பா. இங்க நாடகத்துக்கு ஆள் பத்தலன்னு அவளப் பிடிச்சு மேடை ஏத்திட்டாங்க. பாஸ்கெட்பால் டீம்ல யாரையும் கழிக்க முடியாது, கழிச்சா டீமே இருக்காது. சூப்பரின்டெண்டென்ட்ட பார்க்கிங் லாட்ல நிறுத்தி பேசலாம். போர்டு எலெக்ஷன்ல முந்நூறு ஓட்டு வாங்கினா ஜெயிக்கலாம், நான் ஜெயிச்சதே அப்படித்தான், தமிழ்ப் பேர எப்படி உச்சரிக்கறதுன்னு தெரியாமலேயே ஓட்டுப் போட்டாங்க.

என் கணக்குல, உங்க பொண்ணுக்கு மட்டும்னா போங்கன்னு சொல்லிடுவேன், கணக்குல மட்டும் நீங்க வெளிய பார்த்துக்கணும். பையனுக்குப் பேச்சு மட்டும்தானா, வேற எதாவது இருக்கான்னு இன்னும் முழுசா தெரியலன்னு எழுதியிருக்கீங்க, அது தெளிவாகிற வரைக்கும், ஒரு வருஷம்னாலும் பரவால்ல, எடிசனை விட்டு நகராதீங்க. நல்ல ப்ரீஸ்கூல் ஸ்பெஷல் எஜுகேஷன் கிளாஸ் கைல இருக்கறப்போ அத விட்டுட்டு தோட்டம் வச்ச வீட்டுக்காகப் போறத நான் செய்ய மாட்டேன்.

அப்படியும் அந்த வீடுதான்னு முடிவு பண்ணினா கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி, டிஸ்ட்ரிக்ட் வெப்சைட்ல பட்ஜெட் சுருக்கம் கட்டாயம் போட்டிருப்பாங்க, அதுல பசங்க எண்ணிக்கை மூணு வருஷத்துல எப்படிப் போகுது, வெளி ஸ்கூல் ஃபீஸ் லைன், கையிருப்பு மூணையும் பாருங்க. ஹைஸ்கூல் ஒப்பந்தம் எந்த வருஷம் முடியுதுன்னு போர்டு செக்ரட்டரிகிட்ட கேளுங்க, அது பொது ஆவணம், தருவாங்க. போன வருஷம் எட்டாவது முடிச்சவங்கள்ல எத்தனை பேர் ஹைஸ்கூல்ல நேரா ஜியோமெட்ரில, அதாவது அல்ஜீப்ராவ எட்டாவதுக்குள்ளயே முடிச்சுட்டு, சேர்ந்தாங்கன்னு கேளுங்க, இதுக்கு பதில் சொல்லத் தயங்கினா அதுவே பதில். ஏப்ரல் கடைசி, மே முதல் வாரத்துல பட்ஜெட் கூட்டம் வைப்பாங்க, யார் வேணும்னாலும் போய் உக்காரலாம். ஊர்க்காரங்க எழுந்து எத கேக்கறாங்க, எந்தக் குரல்ல கேக்கறாங்கன்னு ஒரு மணி நேரம் கவனிங்க. உங்க வீட்ல அவங்களையும் கூட்டிட்டுப் போங்க.